தனியாக அனுப்பிய முதல் வீடு

போன் வந்தபோது கண்ணாடிக்கடை அக்கா ஒரு கல்லூரிப் பெண்ணின் முகத்தில் புது ஃப்ரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் அழுத்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். தெரியாத எண். தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள்.

"சபையிலேர்ந்து நோயாளிகளைப் பார்க்கப் போற ஆளுங்களுக்குப் பயிற்சி குடுக்கறது நீங்கதானே?"

"ஆமாங்க. நீங்க யாரு?"

"பியானோ டீச்சர் வீட்டுக்கு ஞாயித்துக்கிழமை ஒரு ஆளை அனுப்புனீங்களே, அந்த டீச்சரோட தங்கச்சி. வெளியூர்ல இருக்கேன். உங்க ஆளு ஜெபம் பண்ணிட்டு, சுகமாயிடுச்சு, இனிமே ஊசி வேண்டாம்னு சொல்லிட்டுப் போயிருக்கான். எங்க அக்கா சின்ன வயசிலேர்ந்து இன்சுலின்லதாங்க உயிரோட இருக்கா! இப்ப போனையே எடுக்க மாட்டேங்கறா. அப்பாவைக் கேட்டா, தூங்கறா, தொந்தரவு பண்ணாதேங்கறார். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க யாரையும் சும்மா விட மாட்டேன்."

அக்கா கல்லூரிப் பெண்ணின் முகத்திலிருந்து ஃப்ரேமைக் கழற்றிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன் என்று சொன்னாள்.

கல்லூரிப் பெண், "ஆன்ட்டி, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

"நாளைக்கு வாம்மா. கடையை மூடறேன்."

அனுப்பிய ஆள் வேறு யாருமில்லை, அக்காவின் கொழுந்தன்தான். கணவருடைய ஒரே தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. போன வருஷம் வேலையில் கால் தவறி லிஃப்ட் குழிக்குள் விழப்போனவன், ஒரு கம்பியைப் பிடித்துத் தொங்கி உயிர் பிழைத்தான். அதுவரை சபைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன், அதற்கப்புறம் எல்லாருக்கும் முன்னால் போய் உட்கார ஆரம்பித்தான். "லிஃப்ட் பிரதர் வந்துட்டார், இனிமே நாம எல்லாரும் மேல போறது சுலபம்" என்று சபையில் கிண்டல் செய்வார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான்.

நோயாளிகளைப் பார்க்கப் போகவேண்டும் என்று அவனாகத்தான் கேட்டான். அக்கா சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டாள். கட்டில் விளிம்பில் உட்காரக்கூடாது, கேட்காமல் தலையில் கை வைக்கக்கூடாது, ஜெபம் பிரசங்கம் மாதிரி நீளக்கூடாது, நோயாளி பேசினால் குறுக்கே விழக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து, தன்னோடு வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனாள். நல்ல மாணவன். ஒரு தடவை சொன்னால் போதும். போன ஞாயிறுதான் முதல் தடவையாகத் தனியாக அனுப்பினாள்.

டாக்ஸியில் ஏறியதும் அவனுக்குப் போன் அடித்தாள். அடித்து அடித்து நின்றது. மறுபடியும் அடித்தாள். ஜெபிக்கலாம் என்று கண்ணை மூடினாள். "ஆண்டவரே" என்பதற்கு மேல் ஒரு வார்த்தைகூட வரவில்லை. அந்த டீச்சர் செத்துப்போனால் சபையில் என்ன சொல்வார்கள் என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அதற்கப்புறம்தான் அந்தப் பெண்ணையே நினைத்தாள். தன்மேல் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"கொஞ்சம் வேகமாப் போங்கண்ணே."

"சிக்னலை நானா போட்டேன், போம்மா" என்றார் டிரைவர். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தவர் அடுத்த சந்தில் சட்டென்று திருப்பிக் குறுக்கு வழியில் விட்டார்.

மூன்றாவது மாடி. டிரைவரை இருக்கச் சொல்லிவிட்டுப் படியேறினாள். வாசலில் கிரீஸ் கறை படிந்த ஒரு ஜோடி பூட்ஸ் கிடந்தது. அது கொழுந்தனுடையது. கதவுக்குப் பின்னாலிருந்து அவன் குரலும் கேட்டது. ஜெபித்துக்கொண்டிருந்தான். தொண்டை கட்டிப்போய், நெடுநேரமாகக் கத்தியவனின் குரல்.

கதவைத் திறந்தவர் டீச்சரின் அப்பா. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கண் சிவந்திருந்தது. சபையிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. "வாங்கம்மா, வாங்க. தம்பி காலையிலேர்ந்து போராடிக்கிட்டிருக்கார். நீங்களும் சேர்ந்துக்குங்க."

உள்ளறையில் டீச்சர் கட்டிலில் கிடந்தாள். அக்காவைவிட வயதில் சிறியவள். உதடு வெடித்திருந்தது. ஓடி வந்தவள் மாதிரி நெஞ்சு தூக்கித் தூக்கி மூச்சு வாங்கினாள். பக்கத்தில் வாந்தி எடுத்த வாளி. அறை முழுவதும் கனிந்து அழுகிய பழத்தைப் போல ஒரு வாடை. கட்டிலருகே முழங்காலில் நின்ற கொழுந்தன் அண்ணியைப் பார்த்ததும் எழுந்தான்.

"அண்ணி..."

"இவங்களை இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். கீழ வண்டி நிக்குது."

"இது சோதனை அண்ணி. இப்ப பின்வாங்குனா எல்லாம் போச்சு."

"ஊசியை நிறுத்தச் சொன்னியா நீ?"

"நிறுத்துன்னு சொல்லல. சுகமாச்சுன்னு நம்புனா, நம்புன மாதிரி நடந்துக்கணும்னு சொன்னேன்."

"நான்தாம்மா ஃப்ரிட்ஜ்ல இருந்ததை எல்லாம் எடுத்துக் கொட்டுனேன்" என்றார் அப்பா. "எத்தனை வருஷமா குத்திக் குத்தி, குழந்தை உடம்பு சல்லடையாப் போச்சு. ஒரு ஆள் வந்து போதும்னு சொல்லமாட்டாரான்னு காத்துக்கிட்டிருந்தேன். நீங்க அதைக் கெடுக்கவா வந்தீங்க?"

அந்த மனிதர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். கொழுந்தனோ ஆறடி ஆள். இரண்டு பேரும் மாட்டேன் என்றால் அக்காவால் என்ன செய்யமுடியும்? அவர்களோடு வாதாடிப் பயனில்லை என்று தோன்றியது. கட்டிலருகே குனிந்தாள்.

"டீச்சர், நான் பேசறது கேக்குதா? ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

டீச்சர் கண்ணைத் திறந்தாள். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. "பயமா இருக்கு" என்றாள். பிறகு, "போலாம்" என்றாள்.

அப்பா அப்படியே சுவரோடு சாய்ந்துவிட்டார். கொழுந்தன் அசையாமல் நின்றான்.

"இன்னும் என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறே? தூக்கு!"

இத்தனை வருஷத்தில் அவள் அவனை 'டா' போட்டது அதுதான் முதல் தடவை. அவன் குனிந்து டீச்சரை இரண்டு கையாலும் வாரித் தூக்கினான். வெறுங்காலோடே படியிறங்கினான். டாக்ஸியில் அக்காவின் மடியில் டீச்சரின் தலை. ஒவ்வொரு மூச்சும் இதுதான் கடைசியோ என்று எண்ண வைத்தது. முன் சீட்டில் அப்பா தலையைக் குனிந்தபடி முனகிக்கொண்டே வந்தார்.

அவசரப் பிரிவில் டாக்டர் அம்மா ஒருத்தி, குரலை உயர்த்தாமல் கேட்டாள். "கடைசி ஊசி எப்போ போட்டாங்க?"

அப்பா கொழுந்தனைத் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை காலையில" என்றான் கொழுந்தன்.

"யார் நிறுத்தச் சொன்னது?"

போலீஸ், சபை, மாமியாருக்கு என்ன பதில் சொல்வது, எல்லாம் ஒரே நொடியில் அக்காவின் மனதில் வந்து போயின.

"நான்தாங்க" என்றான்.

டாக்டர் அம்மா அவனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். கதவு மூடிக்கொண்டது.

நடைபாதையில் ஒரு பெஞ்சு. அப்பா அந்தக் கோடியில் உட்கார்ந்தார். இந்தக் கோடியில் அண்ணியும் கொழுந்தனும். அவன் கால் விரல்களில் படியின் தூசி ஒட்டியிருந்தது.

"காலையில டீச்சரோட அப்பா போன் பண்ணி, பொண்ணு வாந்தி எடுக்கறான்னு சொன்னப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அண்ணி, ஏதோ தப்புன்னு. ஆனா பயந்தா அது அவிசுவாசம்னு நினைச்சேன். அதான் இன்னும் சத்தமா ஜெபிச்சேன்."

"எனக்கு ஏண்டா போன் பண்ணல?"

"உங்களுக்குப் பயமே கிடையாதே. நீங்க எந்த வீட்டுக்குள்ளயும் சிரிச்சுக்கிட்டுல்ல போவீங்க. பயிற்சியில நீங்க சொன்னீங்களே, அந்த ரயில்வேக்காரர், நீங்க ஜெபிச்சு முடிச்சதும் படுக்கையிலேர்ந்து எழுந்து உக்காந்தார்னு. எனக்கும் அந்த மாதிரி ஒண்ணு நடக்கும்னு பாத்தேன்."

அக்காவுக்குச் சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது.

"அவருக்கு அதுக்கு முந்தின வாரம் ஆபரேஷன் ஆயிருந்துச்சு" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். "அதை நீங்க சொல்லவே இல்லையே."

"இல்ல. சொன்னா, சபையில சாட்சியா சொல்ற கதை சப்புனு ஆயிடும்னு விட்டுட்டேன்."

அவன் குனிந்து தன் வெறுங்காலைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. அவள்தான் பேசினாள். "ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் எனக்குப் பயம்டா. உள்ள போறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை செருப்பைக் கழட்டி மாட்டுவேன், கவனிச்சிருக்கியா? என்ன கேப்பாங்களோ, எனக்கு என்ன தெரியப்போகுதுன்னு. அதை உனக்குச் சொல்லிக்குடுத்திருக்கணும். சிரிக்கறதை மட்டும் சொல்லிக்குடுத்துட்டேன்."

சாயங்காலம் தங்கச்சி வந்து சேர்ந்தாள். கையில் பை கூட இல்லை, அப்படியே கிளம்பி வந்திருந்தாள். அக்கா எழுந்தாள். "நான் பேசறேன்" என்று கொழுந்தன் முன்னால் போனான். உடனே அக்காவும் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"உங்க அக்காவுக்கு அப்படிச் சொன்னது நான்தாங்க. தப்பு என்னுதுதான்."

"பாதி என்னுது" என்றாள் அக்கா. "அனுப்புனது நான்."

தங்கச்சி இரண்டு பேரையும் பார்த்தாள். அடித்துவிடுவாள் என்றே அக்கா நினைத்தாள். அவள் அடிக்கவில்லை. "எங்க அக்கா பொழைச்சா இந்தப் பக்கமே வராதீங்க. பொழைக்கலைன்னா நானே உங்களைத் தேடி வருவேன்" என்று சொல்லிவிட்டு அப்பாவிடம் போனாள். அவர் மகள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பினார்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் அம்மா வெளியே வந்தாள். அவள் நடந்து வருகிற அந்த நடைபாதை முடிவதற்குள் அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. ரத்தத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்துவிட்டது என்றும், டீச்சர் பேசுகிறாள் என்றும், சில நாள் இருக்கவேண்டும் என்றும் டாக்டர் அம்மா தங்கச்சியிடம் மட்டும் சொன்னாள். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கொழுந்தன் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தான்.

பாஸ்டரிடம் அவர்களாகவே போய்ச் சொன்னார்கள். அவர் பயிற்சியைச் சில மாதம் நிறுத்தி வைத்தார். அடுத்த கூட்டத்தில் அக்கா எல்லார் முன்னாலும் எழுந்து, ரயில்வேக்காரர் கதையை ஆபரேஷனோடு சேர்த்து மறுபடியும் சொன்னாள். சபையில் ஒருத்தரும் "ஆமென்" சொல்லவில்லை. கொழுந்தன், "என்னை விட்டுடுங்க அண்ணி, நான் லிஃப்ட்டோட நிறுத்திக்கறேன்" என்றான். அவள் விடவில்லை. "பயப்படாத ஆளைத்தான் இனிமே நான் கூட்டிட்டுப் போகமாட்டேன். நீ வா" என்றாள்.

மறுபடி கிளம்பியபோது அவனுக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தாள். பேசக்கூடாது, உட்கார்ந்து கேட்கவேண்டும். அப்படிப் பல வீடு ஆயிற்று. ஒரு மத்தியானம், முதுகுத்தண்டில் கட்டி வந்து படுத்திருந்த ஒரு பஸ் டிரைவர், அக்காவை விட்டுவிட்டு நேராக அவனைப் பார்த்துக் கேட்டார்.

"சொல்லுங்க தம்பி. எனக்குச் சரியாயிடுமா?"

அக்காவுக்குத் தானே பதில் சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. கையைப் பிசைந்தபடி வாயை மூடிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் முகம் வெளிறிப்போனது.

"தெரியலீங்க" என்றான். "மத்தியான மாத்திரை போட்டீங்களா?"

டிரைவர் ஏமாற்றத்தோடு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான், போகச் சொல்லப்போகிறார் என்று அக்கா நினைத்தாள். அவர் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, திரும்பாமலே, "அந்த அலமாரியில இருக்கு பாருங்க, எடுங்க" என்றார்.

கொழுந்தன் எழுந்து மாத்திரையையும் தண்ணீரையும் எடுத்துவந்து அவர் தலையைத் தாங்கிப் பிடித்தான். தம்ளர் அவன் கையில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா உதவிக்குப் போகாமல் இருந்த இடத்திலேயே இருந்தாள்.