எழுபத்திரண்டாம் எழுத்துக்கு அப்பால்

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவில் அவள் எல்லோருக்கும் அக்கா. டயாலிசிஸ் நோயாளிகளில் யாருக்குப் பகல், யாருக்கு இரவு என்று முறை பிரித்துத் தரும் நிரல், அவளுக்கும் மூத்த ஒரு கணினி மொழியில் இருந்தது. அந்த மொழிக்குப் புது நடை அமைத்து, பழைய நிரலை அதில் மாற்றி எழுதுவது அவள் பொறுப்பு. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் கத்திக்கொண்டிருந்த கட்டளைகள் சின்ன எழுத்துகளுக்கு இறங்கி வந்தன. பத்து வரி வளவளப்பு இரண்டு வரியில் அடங்கியது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் இனி விழி பிதுங்க வேண்டியதில்லை.

குழுத் தலைவன் அவளைவிட இளையவன். எதையும் சுருக்கிவிடுவதால் அவனுக்குச் 'சுருக்குப்பை' என்று பெயர்.

"அக்கா, நீங்க சுருக்கின நிரல இனிமே ஒரு கொட்டாவி விடுற நேரத்துல படிச்சிடலாம்."

"நீ கொட்டாவியையும் பாதியில நிறுத்துற ஆளாச்சே."

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். சில மாதங்களாக அப்படித்தான்.

அவர்களுடைய வேலைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரே நோயாளிப் பட்டியலைப் பழைய நிரலுக்கும் புதியதற்கும் கொடுத்து, விடைகளை ஒப்பிட வேண்டும். ஒரு மயிரிழையும் பிசகக் கூடாது. அன்று பிசகியது. சில பெயர்கள் பகலிலிருந்து இரவுக்குப் போயிருந்தன. அவற்றில் ஒன்று அவள் அப்பாவுடையது.

இதுவரை நண்பகலில் அப்பாவை டயாலிசிஸ் படுக்கையில் விட்டுவிட்டு, நடைவழி நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து அவள் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தாள். இரவு முறை என்றால் பகலில் மேசை, இரவில் நாற்காலி; நடுவில் தூக்கத்துக்கு இடமில்லை. இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அடுத்த தெருவில் மின்சாரம் நிற்கும் என்ற அறிவிப்பைப் படிப்பதுபோலத்தான் அவள் அதைப் படித்தாள்.

காரணம் சீக்கிரமே கிடைத்தது. பழைய மொழி ஒரு வரியில் எழுபத்திரண்டாம் எழுத்தோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் இருப்பது, கண்பட்டை கட்டிய குதிரைக்குப் பக்கத்து வயலைப்போல, அதற்குத் தெரியாது. 'வயது அறுபதுக்கு மேல் எனில் பகல்' என்றுதான் அது இத்தனை காலமும் படித்து வந்தது. 'உடன் வர ஆள் இல்லை' என்ற மற்றொரு நிபந்தனை எல்லைக்கு வெளியே நின்றது. புது நடையில் எல்லையே இல்லை. இயந்திரம் முதல்முறையாக முழு வரியையும் படித்துவிட்டது. உடன் வர மகள் இருப்பதால் அப்பா இரவுக்குப் போய்விட்டார்.

"அந்த வரியோட வால நறுக்கிடுங்கக்கா," என்றான் சுருக்குப்பை. "சாயல் மாறலாம், சங்கதி மாறக்கூடாது. அதானே நம்ம விதி?"

"மாறின பேருல எங்கப்பா இருக்காரு."

"அப்ப ரொம்ப வசதியாப் போச்சு." சொன்ன பிறகு அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"நான் நறுக்குனா அது விதிக்காகவா, வசதிக்காகவான்னு எனக்கே தெரியல. வா, தலைமை நர்ஸக் கேப்போம்."

தலைமை நர்ஸ் கையுறையைக் கழற்றியபடியே முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"தனியா வர்றவங்களுக்குத்தான் பகல்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிச்சுப்போச்சு. கம்ப்யூட்டர் அப்படித்தான் குடுக்கும்னு உங்க ஆளுங்க கைய விரிச்சாங்க. வயசானவங்க எல்லாரும் பகலுக்கு முண்டுறதுல தனி ஆளு ராத்திரிக்குத் தள்ளப்படுறாங்க. முடிஞ்சதும் தலைசுத்தலோட வாசல்ல சுவரப் பிடிச்சு நிக்கிறத நீங்க பாத்ததில்ல, தாயி."

அக்கா மேசைக்குத் திரும்பினாள். வாலை நறுக்கவில்லை. வேறுபாட்டுக் குறிப்பில் 'புதியதே சரி' என்று எழுதினாள். சுருக்குப்பை ஒப்புதல் கொடுத்தான்.

மாலையில் வீட்டில் அப்பா சன்னலோரம் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அடுத்த வாரத்துலேருந்து உங்களுக்கு ராத்திரி முறை."

"எந்தப் புண்ணியவான் மாத்துனான்?"

"நான்தான்."

"நல்ல பொண்ணப் பெத்தேன்."

அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் நகவெட்டியை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீ எப்பம்மா தூங்குவ?"

"பாத்துக்கலாம்ப்பா."

"உங்கண்ணன்கிட்டச் சொன்னியா?"

"போன்ல சொன்னேன். குட் நைட்னான்."

அப்பா தோள் குலுங்கச் சிரித்தார். தனக்கும் சிரிப்பு வருகிறதா என்று அவள் கொஞ்சம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. எழுந்து போய், அவர் பையில் கம்பளிச் சட்டையோடு தன் தலையணையையும் திணித்தாள்.