அகலமான காம்பரா

உடப்புசல்லாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், புருஷனை அடக்கம் செய்த மறுவாரம் லயத்து வரிசை வீடுகளில் சுதர்ஷினி குடியிருந்த ஒற்றையறைக் காம்பரா சுருங்கத் தொடங்கியது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று வெள்ளைக்காரன் கட்டிய காம்பரா. முதலில் அலுமாரிக் கதவு முழுதாகத் திறக்கவில்லை. பிறகு கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் கால் வைக்க முடியவில்லை. பக்கத்துக் காம்பராக்கள் பெரிதாகவில்லை; குறைந்த இடம் எங்கே போனதென்று யாருக்கும் தெரியவில்லை. தோட்ட ஆபீஸிலிருந்து அளக்க வந்தவர் இரண்டு தரம் அளந்துவிட்டு, டேப் பழுது என்று சொல்லிப் போய்விட்டார்.

புருஷன் சுதாகரன் மண்சரிவில் போனவன். அவன் மரக்கறித் தோட்டத்தில் நின்றபோது மலை இறங்கியது. ஆட்கள் தோண்டிய நேரமெல்லாம் சபையார் மழையில் நின்று ஜெபித்தார்கள்; பாட்டு எடுத்துக் கொடுத்தது சுதர்ஷினி. அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் எட்டுதான். ஆலயம் கிடையாது. பாஸ்டர் நானுஓயாவிலிருந்து மாதம் ஒரு தரம் வருவார். மற்ற ஞாயிறுகளில் யாராவது ஒருவருடைய காம்பராவில் கூடுவார்கள். சுதர்ஷினி தொடங்கினால் பாட்டின் சுருதி கிழவர்களுக்கும் எட்டும், பிள்ளைகளுக்கும் எட்டும். சுதாகரனை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தபோது அவள் பாட்டைப் பாதியில் நிறுத்தினாள். அதன்பின் கூட்டத்துக்கு வரவில்லை. மலைக்குப் போவாள், கொழுந்தெடுப்பாள், வந்து கதவைச் சாத்திக்கொள்வாள். கூப்பிட வந்தவர்களிடம், "நீங்க கும்பிடுங்க. எனக்குச் சொல்றதுக்கு ஒன்னுமில்ல," என்றாள்.

கட்டிலை வெளியே போட்டார்கள். அவள் உட்கார்ந்தபடி தூங்கினாள். உள்பக்கம் திறக்கும் கதவு ஒரு சாயங்காலம் அவள் முழங்காலில் இடித்து நின்றது, அதற்குமேல் திறக்கவில்லை. அவளை வெளியே எடுக்க அலவாங்குக் கம்பியால் சுவரை இடித்துப் பார்த்தார்கள். இடித்த இடம் இன்னும் உள்ளே போனது. அவளுக்கு மூச்சு முட்டியது. நிறுத்திவிட்டார்கள்.

லயத்தில் நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் சுடுதண்ணீர் வைப்பார்கள். அந்த அடுத்த காம்பராக்காரி அம்மாக்கண்ணு சபையைச் சேர்ந்தவள் அல்ல. அவள்தான் போய், ஃபெக்டரியில் வேலை செய்யும் முத்துலிங்கத்தைக் கூப்பிட்டாள். பாஸ்டர் இல்லாத ஞாயிறுகளில் வேதம் வாசிப்பவர் அவர். "எங்க ஊட்டுல வந்து பாடுங்க. சத்தம் மேல ஏறி அந்தப் பக்கம் எறங்கும்," என்றாள். சுவரிலிருந்த மாரியம்மன் படத்தைப் பார்த்து, "இத எடுத்து வைக்கணுங்களா?" என்று கேட்டாள்.

"வேணாங்கக்கா. இது ஒங்க வீடு."

மற்ற ஏழு குடும்பங்களும் அங்கே நெருங்கி நின்றன. முத்துலிங்கம் பாட்டைத் தொடங்கினார். அவருக்குச் சுருதி பிடிக்கும் காது கிடையாது. முதல் தரம் உச்சியில் தொடங்க, இரண்டாம் அடியில் எல்லோர் குரலும் உடைந்தது. மறுதரம் கீழே தொடங்கினார். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது. "அண்ணே, ஒப்பாரி மாதிரி இருக்கு."

"தெரியுது தங்கச்சி. எனக்கு வாறது இதான்."

"அதுவும் நடுவுலயிருந்து எடுக்குறீங்க."

"நீ விட்ட எடம். அங்கயிருந்துதான எடுக்கணும்."

பிறகு அவள், "எனக்கு நம்பிக்கை இல்லண்ணே," என்றாள்.

"சரி. எங்ககிட்ட இருக்கு. ஒனக்கும் சேத்து வச்சிருக்கோம். நீ சுருதிய மட்டும் சொல்லு."

அவள் வாய் திறக்காமல் முனகினாள். சரியான இடம். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். சுதர்ஷினியின் கதவு ஒரு சாண் திறந்தது. முத்துலிங்கத்தின் மனைவி தனுஜா மெலிந்தவள். அவள் பக்கவாட்டில் நுழைந்தாள். நுழைந்ததும் இன்னொருவருக்கு இடம் இருந்தது. அவர் வர, மேலும் ஒருவருக்கு. ஆள் கூடக் கூடச் சுவர் விலகிக் கொடுத்தது. பாட்டு முடிவதற்குள் எட்டுக் குடும்பங்களும் உள்ளே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தன. அம்மாக்கண்ணு தன் முக்காலியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து கூட்டம் சுதர்ஷினியின் காம்பராவில்தான். இரண்டு வருஷம் அவள் சுருதி சொன்னாள், ஜெபிக்கவில்லை. யாரும் ஏனென்று கேட்கவில்லை. அவள் பேரைச் சொல்லி மற்றவர்கள் ஜெபித்தார்கள். மூன்றாம் வருஷம் தனுஜா ஆஸ்பத்திரியில் மோசமாகக் கிடந்தாள். முத்துலிங்கம் கூட்டத்துக்கு வந்தார். வேதத்தை மடியில் வைத்துக்கொண்டு திறக்காமல் இருந்தார். சுதர்ஷினி அதை அவர் மடியிலிருந்து எடுத்து வாசித்தாள். பிறகு கண்ணை மூடி ஜெபித்தாள். தனுஜா வீடு திரும்பும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே செய்தாள்.

காம்பரா இன்னும் அகன்றுகொண்டிருக்கிறது. பல்பு மூன்று போட்டிருக்கிறார்கள். மழை நாளில் லயத்துப் பிள்ளைகள் அங்கேதான் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். பந்து மறுகோடிக்குப் போனால் எடுத்துவர நேரமாகும் என்பதால், சுதர்ஷினி அடுப்படியிலிருந்தே "நாலு" என்று சொல்லிவிடுகிறாள்.