முக்கோணங்களின் ஓரமாக

“நேத்து சரின்னு சொன்ன வாய்தானேக்கா இது?”

“சொன்னேன். இன்னிக்கு இல்லைங்கறேன். முழுசா கேளுடா...”

“கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்! அங்க ஆளுங்க தொப்பி மாட்டிக்கிட்டு சுரங்கத்து வாசல்ல நிக்கிறாங்க. நீ இங்க பொம்மைப் படம் பாத்துக்கிட்டு...”

“அந்தப் பொம்மைப் படத்தை நம்பித்தானேடா நிக்கிறாங்க?”

தம்பி தன் தொப்பியைக் கழற்றினான். மலையைக் குடைந்து ரயில் பாதை போடும் இடத்தில் அவன் மேஸ்திரி. விரிசல் விட்ட பாறைக்கு அடியில் தோண்டினால் அந்த விரிசல் எதுவரை நீளும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது அக்காவின் வேலை. இருவருக்கும் ஒரே தகரக் கொட்டகை, ஒரே ஆறிப்போன காபி.

அவள் திரையைத் திருப்பினாள். பாறை முழுக்க முக்கோணங்கள். நடுவே இறங்கிய சிவப்புக் கோடு, சுரங்கத்தின் கூரைக்கு வெகு மேலேயே ஒதுங்கிப் போய் நின்றிருந்தது.

“இது நேத்து ஓட்டினது. நீ அவசரப்படுத்தினியேன்னு முக்கோணத்தைப் பெருசு பெருசா போட்டுட்டேன். இந்தக் கணக்குல விரிசல் முக்கோணத்து ஓரமாத்தான் போகும், குறுக்கால போகத் தெரியாது. காலைல மனசு கேக்கல. அதே பாறை, அதே பாரம். முக்கோணக் கட்டத்தை மட்டும் கொஞ்சம் சாய்ச்சுப் போட்டேன்.”

அடுத்த படத்தில் சிவப்புக் கோடு நேராகக் கூரையைத் தொட்டிருந்தது.

“அப்ப இதுதான் நிஜமா?”

“இதையும் நம்ப முடியாதுடா. ரெண்டும் நான் போட்ட வழியில நடந்திருக்கு. பாறை எந்த வழியில போகும்னு எனக்கு இன்னும் தெரியல. பொடிசா கட்டம் போட்டு ஓட்டணும். ரெண்டு நாள் ஆகும்.”

“ரெண்டு நாளா! கான்ட்ராக்ட் எடுத்த பெரியவர் என்னைத் தூக்கிட்டு அவர் மச்சானைக் கொண்டாந்து உக்கார வைப்பாரு.”

“வைக்கட்டும். அந்த மச்சானுக்கும் தலை ஒண்ணுதானே.”

சிரித்திருக்க வேண்டிய பேச்சு. இருவருக்கும் தெம்பில்லை. அவன் நாற்காலியில் சரிந்து தொப்பியை மடியில் கவிழ்த்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் பரீட்சைத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கடைசி ஆளாக அவள் எழுந்து வருவாள். அவன் பசியோடு வெளியே காத்திருப்பான். அவனுக்கு அதே முகம்தான் இப்போதும்.

“நேத்துக் கணக்குல கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டியேக்கா.”

“அதுக்குத்தாண்டா உன்னைக் கூப்பிட்டேன்.”

மேசையில் கிடந்த வாக்கி டாக்கி கரகரத்தது. இருவர் கையும் அதன் மேல் போய், அப்படியே நின்றன.

“மேஸ்திரி, அக்கா கையெழுத்து வந்துடுச்சாமே? அப்ப பயமில்ல. உள்ள போகலாமா?”