தலைக்குப் பத்து கிலோ

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை நாங்கள் போனபோது என் மாமனார் ஹால்வர்ட் டை கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். கருநீலத்தில் சின்ன வெள்ளைப் புள்ளிகள் போட்ட டை. தலைமுடியைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். முதியோர் இல்லத்து நர்ஸ் மாரித் அவர் காலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "காலைல ஆறு மணிக்கே எழுந்துட்டார். ஹோட்டல்ல சாப்பிடப் போறோம்னு சமையக்காரம்மா வரைக்கும் சொல்லியாச்சு," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, மாதம் தவறாமல் வந்து கூட்டிக்கொண்டு போகிற குடும்பம் இந்த மாடியிலேயே உங்களுடையது ஒன்றுதான் என்று மெச்சிக்கொண்டாள். நான் சிரித்து வைத்தேன். இரண்டு வருஷமாக அந்தப் பாராட்டுக்குச் சிரித்துச் சிரித்தே என் கன்னம் மரத்துப்போயிருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாமனாரை நாங்கள் வெளியே கூட்டிப்போனது இறைச்சிக்காக. நார்வேயில் எங்கள் ஊர் சர்ப்ஸ்போர்க்கிலிருந்து ஸ்வீடன் எல்லை அரை மணி நேரம். பாலத்தைத் தாண்டிவிட்டால் பன்றிக்கறியும் சீஸும் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். சனிக்கிழமையானால் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்பார்கள், பார்த்தும் பார்க்காத மாதிரி போய்விடுவார்கள். ஆனால் திரும்பி வரும்போது சுங்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. காரில் இருக்கிற தலை ஒன்றுக்குப் பத்து கிலோ வரை வரி இல்லை. கைக்குழந்தையும் ஒரு தலை, எண்பத்து மூன்று வயதுக் கிழவரும் ஒரு தலை. தலை காரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்குள் என்ன ஞாபகம் இருக்கிறது, என்ன அழிந்துவிட்டது என்று யாரும் கேட்பதில்லை.

முதல் தடவை அப்படி நினைத்துக் கூட்டிப்போகவில்லை, அது சத்தியம். காகித ஆலையில் என் கணவர் எய்விந்தின் வேலையைப் பாதியாகக் குறைத்திருந்த சமயம். நான் மழலையர் பள்ளியில் வாங்குகிற சம்பளத்தில் வீட்டுக் கடனையும் மின்சாரத்தையும் கட்டிவிட்டு, மீதியில்தான் அடுப்பெரிய வேண்டும். பாவம், அப்பா நாலு சுவருக்குள்ளேயே கிடக்கிறார், காற்றாட வரட்டும் என்று எய்விந்த்தான் சொன்னான். வரும் வழியில் சுங்கத்து ஆள் டிக்கியைத் திறந்து பார்த்தார். அள்ளிப்போட்டதில் எங்கள் மூன்று பேருக்கான அளவு தாண்டியிருந்தது. அவர் காருக்குள் குனிந்து எங்கள் மகள் சிக்னேயையும் ஹால்வர்ட்டையும் பார்த்துவிட்டு, நாலு பேர் நாற்பது கிலோ, சரி போங்கள் என்று கையை ஆட்டினார். பாலத்தின் மேல் எய்விந்த் கண்ணாடியில் தன் அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அடுத்த மாதத்திலிருந்து எங்கள் பட்டியலில் 'அப்பா, பத்து' என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது.

ஹால்வர்ட் மட்டும் வேறு ஒரு பயணம் போய்க்கொண்டிருந்தார். அவரும் காலமான என் மாமியார் போர்கில்டும் கல்யாண நாளன்று வருஷத்துக்கு ஒரு தடவை எல்லை தாண்டி ஸ்ட்ரம்ஸ்டாட் துறைமுகத்தில் இருக்கும் ஹோட்டலுக்குப் போவார்கள். வருஷம் முழுக்க வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி, கருவாடும் உருளைக்கிழங்குமாகச் சாப்பிட்டுவிட்டு, அந்த ஒரு நாள் வெள்ளை விரிப்புப் போட்ட மேஜையில் இறாலும் வெண்ணெயில் வாட்டிய மீனும். அவர் மண்டைக்குள் மிச்சம் இருந்தது அந்த மேஜைதான். கார் தெற்கே திரும்பினால் போதும், "டேபிள் சொல்லிட்டியா?" என்று எய்விந்திடம் கேட்பார். "அடுத்த தடவைப்பா," என்பான் அவன். கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து அவர் கையில் கொடுத்துவிட்டு நாங்கள் கடைக்குள் தள்ளுவண்டியோடு போய்விடுவோம். டையின் மேல் காகிதத்தை விரித்துக்கொண்டு கடைசித் துணுக்கு வரை மரியாதையாகச் சாப்பிடுவார். திரும்பும்போது எல்லாம் மறந்திருக்கும். அவர் மறந்துவிடுவது எங்களுக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்தது என்பதை நினைத்தால் இப்போது குமட்டுகிறது.

போன வருஷம் இல்லத்தில் வயிற்றுப்போக்குத் தொற்று வந்து ஒரு மாதம் யாரையும் உள்ளே விடவில்லை. முப்பது கிலோவோடு திரும்பினோம். "ச்சே, பத்து கிலோ போச்சு," என்றான் எய்விந்த். அப்பாவைப் பார்த்து ஒரு மாதம் ஆயிற்று என்பது அவன் வாயில் வரவில்லை. அவன் சொன்னதற்கு நான் சிரித்தேன். பின் சீட்டில் சிக்னே மட்டும் சிரிக்கவில்லை. பதினொரு வயதுப் பெண், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கும்.

இந்த மார்ச்சில் மாரித் போன் பண்ணினாள். ஹால்வர்ட்டுக்கு விழுங்குவதில் சிக்கல், சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள் போகிறது, இனி எல்லாம் மசித்துத்தான் கொடுப்போம் என்றாள். இது இனிமேல் சரியாகாது என்பதையும் பக்குவமாகச் சொன்னாள். அன்று ராத்திரி தட்டில் இருந்த பன்றிக்கறித் துண்டை முள்கரண்டியால் தள்ளிவிட்டு சிக்னே கேட்டாள்: "தாத்தாவோட பங்கைத்தான தின்னுட்டிருக்கோம்? அவரை எப்பத்தான் அந்த ஹோட்டலுக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" எய்விந்த் தண்ணீர் குடித்தான். நான் என் தட்டைத் தள்ளி வைத்தேன்.

காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்து வரும் காசை இலையுதிர் காலத்திலிருந்து ஒரு காபி டின்னில் போட்டு வந்தேன். சிக்னேவுக்குச் சைக்கிள் வாங்க வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு நாலு பேருக்கு மேஜை சொல்லிவிட்டேன். எய்விந்துக்குக் கோபம் வந்தது. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இரண்டு மாதக் கறியா, யாராவது கேட்டால் நம்மைப் பைத்தியம் என்பார்கள் என்றான். நான் விடவில்லை. கடைசியில் சரி என்றவன் ஒரு நிபந்தனை போட்டான்: முதலில் கடை, அப்புறம் ஹோட்டல். ஈஸ்டர் சமயம், பதினொரு மணிக்கு மேல் போனால் ஆட்டுத்தொடை ஒன்றுகூட இருக்காது. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மதியத்துக்கு மேல் பெரியவருக்குத் தெளிவு போய்விடும், எங்கே போவதானாலும் காலையிலேயே போய்விடுங்கள் என்று மாரித் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். தெரிந்தேதான் தலையாட்டினேன். ஆட்டுத்தொடையை விட மனசில்லை.

அந்தச் சனிக்கிழமை கடையில் எள் போட்டால் கீழே விழாது. பணம் கட்டுகிற வரிசை இறைச்சிப் பகுதி வரை வளைந்து நின்றது. நான் ஹோட்டலுக்குப் போன் பண்ணி அரை மணி தாமதமாகும் என்றேன். பிறகு இன்னும் ஒரு மணி என்றேன். பரவாயில்லை, வாங்க என்றார்கள். அடிக்கடி ஓடிப்போய்க் காருக்குள் எட்டிப் பார்த்தேன். ஹால்வர்ட் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பசிக்கிறதா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், இப்பத் தின்னா அங்க போய்ச் சாப்பிட முடியாது," என்றார். நாற்பது கிலோவையும் டிக்கியில் அடுக்கி நாங்கள் துறைமுகத்தில் போய் இறங்கியபோது மணி ஒன்றே முக்கால்.

ஆனால் அவருக்கு அந்த இடம் அடையாளம் தெரிந்தது. அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது. வாசலில் ஒரு பழைய கப்பல் மணி தொங்குகிறது. அதைப் பார்த்ததும் நின்றார். விரல் நுனியால் அதன் விளிம்பைத் தொட்டார். ஜன்னலோர மேஜைக்குப் போனதும் எய்விந்தின் கையை விலக்கிவிட்டு, நாற்காலியை இழுத்துப் பிடித்துக்கொண்டு சிக்னேயைப் பார்த்து, "உக்காரு போர்கில்ட், வெளிச்சம் இந்தப் பக்கம்தான்," என்றார். சிக்னே என்னைப் பார்த்தாள், பிறகு பேசாமல் பாவாடையைச் சரிசெய்துகொண்டு பெரிய பெண்மணி மாதிரி உட்கார்ந்தாள். எய்விந்த் மெனுவை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டான். வந்துவிட்டோம், ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. மசித்துக் கொடுக்கச் சொன்னதை நான் மறக்கவில்லை. ஒரு நாள்தானே, மெதுவாகச் சாப்பிடட்டும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

மீன் வந்தது, மேலே இறாலும் வெண்ணெயும். அவர் முள்கரண்டியைப் பிடித்த விதத்திலேயே ஒரு பழைய அழகு இருந்தது. ஒரு வாய் வைத்தார், கண்ணை மூடினார். அடுத்த நொடி இருமல். சாதாரண இருமலாக இருந்தது, பிறகு முகம் சிவந்து நீலம் பாய்ந்து, மூச்சே வரவில்லை. எய்விந்த் எழுந்து அவர் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தான். தட்டு கவிழ்ந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அந்தத் துண்டு வெளியே வந்து விரிப்பில் விழுந்த பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது. பரிமாறிய பெண் நல்ல பெண். துடைத்துவிட்டு, கொஞ்ச நேரம் பொறுத்து என் காதருகே குனிந்து, சமையலறையில் மசித்துக் கொண்டுவரட்டுமா, எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் என்றாள். நான் தலையாட்டினேன்.

ஆழமான வெள்ளைக் கிண்ணத்தில், ஒரு ஸ்பூனோடு கொண்டுவந்து வைத்தாள். மீனும் உருளைக்கிழங்கும் சேர்ந்த வெளிறிய கூழ். இல்லத்தில் வாரம் ஏழு நாளும் வைப்பது அதே கிண்ணம், அதே நிறம். ஹால்வர்ட் அதைக் குனிந்து பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். கடலும் படகுகளும் அங்கேதான் இருந்தன, ஆனால் அவர் முகத்தில் எதுவும் எழவில்லை. ஸ்பூனை எடுத்து, கொடுத்ததைச் சாப்பிடுகிற ஆள் மாதிரி ஒழுங்காக நாலு வாய் சாப்பிட்டார். பிறகு டை முடிச்சில் கை வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"அப்ப ஹோட்டலுக்கு நாளைக்குத்தான் போறோமா?"

"ஆமா தாத்தா, நாளைக்கு," என்றாள் சிக்னே. அவர் சமாதானமாகத் தலையாட்டினார். எய்விந்த் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய்ப் பணம் கட்டினான். திரும்பி வரும்போது, டிக்கியில் கறி இளகிவிடும், கிளம்பலாம் என்றான். அவனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அதே நினைப்பு எனக்கும் இருந்தது.

சுங்கத்தில் நிறுத்தினார்கள். டிக்கியைப் பார்த்தார்கள், எங்களை எண்ணினார்கள். ஹால்வர்ட் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். நாற்பதில் ஒரு கிராம்கூட அதிகமில்லை. அதிகாரி ஈஸ்டர் வாழ்த்துச் சொல்லி அனுப்பினார்.

இல்லத்தில் மாரித் ஓடிவந்து, "எப்பிடி இருந்துச்சு சாப்பாடு?" என்று அவரிடமே கேட்டாள். "இன்னும் போகல," என்றார் அவர், "வந்து கூட்டிட்டுப் போறேன்னிருக்காங்க." மாரித் என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை எனக்குச் சிரிக்க வரவில்லை. டையைக் கழற்றப் போன அவள் கையை அவர் மெதுவாகத் தள்ளிவிட்டார். இருக்கட்டும், விடுங்கள் என்றேன்.

கீழே வந்து காரை எடுத்தோம். எய்விந்த் வண்டியைத் திருப்பும்போது சிக்னேதான் காட்டினாள். இரண்டாவது மாடி ஜன்னலில் ஹால்வர்ட் நின்றிருந்தார். கோட்டும் போட்டுக்கொண்டிருந்தார். சிக்னே கையை ஆட்டினாள், நானும் ஆட்டினேன். வேற்று மனிதர்களுக்குக் காட்டுகிற மாதிரி ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார், எங்கள் காரைத் தாண்டி, சாலையின் வளைவைப் பார்த்தார்.