ஒடம்புக்கு நல்லது

“மஞ்சள இன்னும் கொஞ்சம் கெட்டியாக் கொழை தேனு. வழிஞ்சி ஓடுது பாரு” என்றாள் கிருஷ்ணம்மா சித்தி.

தேன்மொழி கிண்ணத்தில் இன்னும் இரண்டு கரண்டி மஞ்சள்தூளைக் கொட்டிக் குழைத்தாள். வீட்டுக்குப் பின்னால் நான்கு பக்கமும் நீலத் தார்ப்பாய் கட்டி, நீள பெஞ்சில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். ரூபினி சுமங்கலியாகப் போனவள், அதனால் மஞ்சள் பூசித்தான் குளிப்பாட்ட வேண்டும் என்பதில் சித்தி உறுதியாக இருந்தாள். அவளுக்கு மஞ்சள் எதற்கு என்று தேன்மொழிக்குத் தோன்றியது. மூன்று மாதமாக அவள் மஞ்சளாகத்தான் இருந்தாள். கண், நகம், உள்ளங்கை எல்லாமே மஞ்சள். இப்போது இந்த மஞ்சளைப் பூசப் பூச அந்த மஞ்சள் தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. எல்லோருக்கும் வசதிதான்.

சித்தி வயிற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். கையும் காலும் குச்சியாகிப் போயிருக்க, வயிறு மட்டும் உப்பி நின்றது.

“இங்க பாருங்கடி. ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சு எடத்துல ஓட்ட போட்டிருக்கானுங்க. நல்லா இருந்த வயித்த வெட்டி எடுத்து, புள்ளயக் கொன்னுட்டானுங்க.”

சுற்றி நின்ற பெண்கள் உச்சுக் கொட்டினார்கள்.

நல்லா இருந்த வயிறாம். நான்கு வருடத்துக்கு முன்னால் ரூபினி நூற்று இருபத்தெட்டு கிலோ. இனிப்புநீர் நோய், முழங்கால் வலி, படுத்தால் மூச்சு முட்டல். பிள்ளை வேண்டும் என்றால் முதலில் எடை இறங்க வேண்டும் என்று இரண்டு டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதற்காகத்தான் இரைப்பையைச் சுருக்கும் ஆப்பரேஷன். அப்போது கல்யாண வீடுகளில் அவளைப் பார்த்து, “ரெண்டு நாக்காலி போடுங்கப்பா” என்று சொல்லிச் சிரித்தது இதே சித்திதான். தேன்மொழிக்கு நாக்கு நுனிவரை வந்தது. கிண்ணத்தை நீட்டினாள்.

அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்த அம்மா பேச்சியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு குரலெடுத்தாள். “வேணாம் வேணாம்னு சொன்னேனே! இவதான கூட்டிட்டுப் போனா. இவதான ஆஸ்பத்திரி பாரத்த நெரப்பிக் கையெழுத்து வாங்கிக் குடுத்தா. தங்கச்சியா நீ? எமனாப் போயிட்டியேடி!”

எல்லாத் தலைகளும் தேன்மொழியின் பக்கம் திரும்பின. யாரோ ஒருத்தி அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். அந்தத் தடவல்தான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

நேற்றுக் காலை ஜொகூர் பாரு மருத்துவமனையில் உயிர் பிரிந்ததும், டாக்டர் மூன்று பேரைத்தான் கூப்பிட்டுப் பேசினார். தேன்மொழி, ரூபினியின் கணவன் வசந்தன், அம்மா. கல்லீரல் முழுவதும் கெட்டுவிட்டது, காரணம் மது என்று மலாயில் தெளிவாகவே சொன்னார். இரைப்பை சுருக்கின உடம்பில் மது நேராகக் குடலுக்கு இறங்கி ரத்தத்தில் ஏறிவிடும், ஒரு கிளாஸ் மூன்று நான்கு கிளாஸ் மாதிரி வேலை செய்யும், சாப்பாட்டில் கிடைத்த ஆறுதல் போன பிறகு சிலர் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள் என்றார். அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். காருக்குள் ஏறி, சொந்த ஊர் பண்டார் தெங்காராவுக்கு முதல் போன் போட்டபோதே, “வயித்த வெட்டினதுல போயிட்டா” என்று ஆகிவிட்டது.

வசந்தன் அத்தான் எதையும் மறுக்கவில்லை. வாசல் கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று கைகூப்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் சொல்ல வெட்கம். ஆரம்பத்தில் ஆறு மாதம் அவருக்கே தெரியாது. வேலை முடிந்து சிங்கப்பூரிலிருந்து வந்தால் மனைவி நாக்குக் குழறிப் படுத்திருப்பாள். ஆப்பரேஷன் செய்தவர்களுக்குத் திடீரென்று ரத்தத்தில் சீனி இறங்கும் என்று யாரோ சொல்லியிருந்ததால், பாவம் மனிதர், சீனித் தண்ணீர் கலக்கிக் கரண்டி கரண்டியாய் ஊட்டியிருக்கிறார். பிறகுதான் அலமாரியில் பழைய துணிகளுக்கு அடியில், இனி போடவே முடியாத அந்தப் பெரிய சட்டைகளுக்குள், போத்தல் கிடைத்தது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் தேன்மொழிக்கு மனப்பாடம். சத்தியம், அழுகை, ஆலோசகரிடம் இரண்டு தடவை போய் மூன்றாம் தடவை போகாமல் விட்டது. “ஒரு கிளாஸ்தான்டி, ஆம்பளைங்க பெட்டி பெட்டியாக் குடிக்கிறாங்க, அவங்கள யாரும் கேக்கறதில்ல” என்று அக்கா கத்தியது. யார் பழக்கினது என்று தேன்மொழி குடைந்து குடைந்து கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. ரூபினியோடு தொழிற்சாலையில் ஒரே வரிசையில் வேலை செய்த காளியம்மாவாகத்தான் இருக்கும் என்று தேன்மொழி முடிவு கட்டி, போன வருடம் போனில் கண்டபடி ஏசிவிட்டாள். காளியம்மா இன்று காலை வந்தாள். கேட்டுக்கு வெளியே நின்றபடியே மாலையை வசந்தனிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். குற்றமுள்ள நெஞ்சு என்று தேன்மொழி நினைத்துக்கொண்டாள்.

சேலை கட்டி, பொட்டு வைத்து, பெட்டியில் வைத்த பிறகு தேன்மொழி அம்மாவை அடுப்படிக்குள் இழுத்துப் போனாள்.

“ஏம்மா எல்லார் முன்னாடியும் என்னையே சொல்றீங்க? டாக்டர் சொன்னப்ப நீங்களும் இருந்தீங்கதான?”

“மெதுவாப் பேசு.”

“மெதுவாத்தான் பேசறேன். நான் கொன்னேனா?”

அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அழுகிற குரல் காணாமல் போயிருந்தது. “உன்னத் திட்டினா நீ உசுரோட இருக்க. நாளைக்கு எங்கிட்ட சண்ட போடுவ, மொறச்சிக்கிட்டுப் போவ, திரும்பி வருவ. அவளுக்கு இனிமே என்னடி இருக்கு? பேரு ஒண்ணுதான். குடிச்சிச் செத்தான்னு ஊரு பேசணுமா?”

தேன்மொழிக்குக் கோபம்தான் வந்தது. அக்காவுக்காக ஒரு மூலையில் உட்கார்ந்து அழக்கூட விடமாட்டேன் என்கிறார்களே என்று கோபம்.

அவள் பொறுத்துக்கொண்டு போயிருப்பாள். பழி சுமந்தால் சுமந்துவிட்டுப் போகிறோம், அக்காவுக்காகத்தானே. ஆனால் சித்தி சும்மா இருக்கவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் தன் மகள் லோஷினியை உட்கார வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் அறிவித்துக்கொண்டிருந்தாள்.

“இவளுக்கும் அடுத்த மாசம் இதே ஆப்பரேஷனுக்கு நாள் குடுத்திருக்காங்க. நல்ல வேளை, சாமி கண்ணத் தொறந்துட்டாரு. போதும்டா சாமின்னுட்டேன். குண்டா இருந்தாலும் உசுரோட இருந்தாப் போதும்.”

லோஷினிக்கு இருபத்தேழு வயது, நூற்றுப் பதினாறு கிலோ. போன வருடம் சீனி ஏறி, ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து பிழைத்து வந்தவள். இப்படியே விட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு அவள் அழுதது தேன்மொழியின் தோளில்தான். இப்போது தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்து மடிப்பில் வியர்வை வழிந்தது.

பகல் ஒன்றரைக்கு வண்டி வந்தது. ஆண்கள் பெட்டியைத் தூக்கினார்கள். அவர்கள் வழக்கப்படி பெண்கள் கேட்டோடு நின்றுவிட வேண்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று சவ வண்டிக்கு வழிவிட்டு ஓரமாக நின்றது. வண்டி திரும்பி மின்சுடலைப் பாதையில் மறைந்ததும் எல்லோரும் உள்ளே வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பெண்கள் தலைக்குக் குளிக்க அவரவர் வீட்டுக்குப் போக, வீடு கழுவ நான்கு பேர்தான் மிஞ்சினார்கள். அம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். கொடுக்கச் சொன்னால் கொடுக்கவில்லை. தேன்மொழி வாளி வாளியாய்த் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். சித்தி, முழங்கால் வலி என்று படியில் உட்கார்ந்து, எங்கே அழுக்கு இருக்கிறது என்று விரல் நீட்டிக்கொண்டிருந்தாள்.

லோஷினி குழாயடியில் தேன்மொழியின் பக்கத்தில் வந்து நின்றாள். “அக்கா, அம்மா கிளினிக்குக்கு மெசேஜ் போடச் சொல்றாங்க. வேணாம்னு.”

“போட்டுட்டியா?”

“இன்னும் இல்ல. ஆனா பயமா இருக்குலா. ரூபினிக்காவப் பாத்தீங்கதான?”

தேன்மொழி நிரம்பிய வாளியைத் தூக்கினாள், மறுபடி கீழே வைத்தாள். “லோஷி, நீ குடிப்பியா?”

லோஷினிக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. சாவு வீடு என்பது நினைவுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். “அலமாக், என்னக்கா நீங்க!”

“என்னடி கேள்வி இது?” என்றாள் சித்தி படியிலிருந்து. “நம்ம வீட்டுப் பொம்பளைங்க அதெல்லாம் தொட மாட்டாங்க.”

வார்த்தை மாறாமல் அதே வாக்கியம். தேன்மொழியே ஒரு நாள் சொன்னது.

ரூபினியின் ஆப்பரேஷனுக்கு முன் மருத்துவமனையில் வகுப்பு ஒன்று நடந்தது. உணவு ஆலோசகர் ஒரு சின்ன வயதுச் சீனப்பெண். ஆங்கிலக் கையேட்டைப் பக்கம் பக்கமாகத் திருப்பி அவள் விளக்க, தேன்மொழி அக்காவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் வந்ததும் அந்தப் பெண் நிமிர்ந்து, “கக்கா மினும் அராக் தாக்?” என்றாள். அக்கா மது குடிப்பாரா என்று கேள்வி. ரூபினி பதில் சொல்வதற்குள் தேன்மொழி சிரித்துவிட்டாள். எங்கள் வீட்டுப் பெண்கள் தொடமாட்டார்கள், அடுத்த பக்கம் போகலாம் என்றாள். ரூபினியும் உடம்பு குலுங்கச் சிரித்தாள். அந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே பக்கத்தைத் திருப்பினாள். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது என்று தேன்மொழி படித்தது மூன்று வருடம் கழித்துத்தான்.

“அக்கா குடிச்சித்தான் செத்தா” என்றாள்.

“ஏய்!” சித்தி படியிலிருந்து எழுந்துவிட்டாள். “பெட்டி போயி அர மணி நேரம் ஆகல. வாய மூடு.”

“மூட மாட்டேன். காலையிலேர்ந்து மூடிக்கிட்டுத்தான் இருக்கேன்.” தேன்மொழி லோஷினியின் பக்கம் திரும்பினாள். “ஆப்பரேஷன் அவளக் கொல்லல லோஷி. ஒன்றர வருசம் அவ நல்லா இருந்தா, இனிப்புநீர் மருந்தெல்லாம் நிறுத்தினா. அதுக்கப்புறந்தான் குடி பெருசாச்சு. குடிக்கக் கூடாதுன்னு புக்குல ஒரு பக்கமே போட்டிருந்தாங்க. அந்தப் பக்கத்தத் திருப்பச் சொன்னது நான். என்னத் திட்டணும்னா அதுக்குத் திட்டுங்க, சரியான காரணத்துக்குத் திட்டுங்க. நீ பண்ணிக்கிறதும் பண்ணிக்காததும் உன் இஷ்டம்டி. ஆனா அந்தப் பக்கம் வரும்போது சிரிக்காத. உக்காந்து படி.”

லோஷினியின் வாய் திறந்தபடி இருந்தது. “ரூபினிக்காவா? அவங்க பீர் வாசனைக்கே மூக்கப் பொத்துவாங்களே. யாருக்கா பழக்கினா?”

“அந்தக் காளியம்மாதான். வேற யாரு?”

“காளியம்மா இல்ல.”

அம்மாதான் சொன்னாள். ஹாலின் நடுவில், காலையில் பெட்டி இருந்த இடத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். துடைப்பம் நின்றிருந்தது.

“நாந்தான்” என்றாள். “ஆப்பரேஷன் முடிஞ்சி எட்டு மாசம் இருக்கும். மூணு வாய் சோறு எறங்கல அவளுக்கு. முடி கத்த கத்தயாக் கொட்டுது, நின்னா தல சுத்துது. எம்புள்ள எங்கண்ணு முன்னாடி வத்திப் போறா. நான் என்ன செய்வேன்? புள்ள பெத்த ஒடம்புக்கெல்லாம் நம்ம ஸ்டவுட்டு, அந்தக் கறுப்பு பீருதான குடுப்போம், ரத்தம் ஊறும்னு. எனக்கு எங்கம்மா குடுத்தாங்க. கிருஷ்ணம்மாவுக்கு நான் குடுத்தேன்.”

சித்தி மறுபடி படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“கறுப்பு டின்னு ஒண்ணு வாங்கி, முட்டய ஒடச்சி ஊத்தி, கலக்கிக் குடுத்தேன். வேணாம்மா, வேணாம்மான்னா. மூக்கப் பொத்திக்கிட்டுக் குடிடி, ஒடம்புக்கு நல்லதுன்னு நாந்தான் வாயில வச்சேன்.” அம்மா துடைப்பத்தை மறு கைக்கு மாற்றினாள். “நாலு நாள் கழிச்சி அவளே வந்து கேட்டா. இன்னும் கொஞ்சம் இருக்காம்மான்னு. எனக்கு எவ்ளோ சந்தோசமா இருந்திச்சி தெரியுமா?”

குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. லோஷினி போய் அதை மூடினாள்.

அம்மா மறுபடி கூட்ட ஆரம்பித்தாள். நின்ற இடத்திலேயே கூட்டிக்கொண்டிருந்தாள். அங்கே தண்ணீர் எப்போதோ வடிந்து சிமெண்டுத் தரை காய்ந்துவிட்டிருந்தது. துடைப்பம் வறவற என்று உரசியது.

தேன்மொழி வாளியைத் தூக்கி வந்து அம்மாவின் காலடியில் மெல்லச் சாய்த்து ஊற்றினாள்.