இருக்கன்குடித் தோடி

வெள்ளைத்துரை டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு கோயில் கோயிலாக அலைந்து ஒரு நாகசுரக் கிழவரின் கச்சேரிகளைச் சேர்த்திருந்தான். அவற்றில் இரைச்சலே இல்லாதது இருக்கன்குடிக் கோயிலில் அவர் வாசித்த தோடி ராகம் ஒன்றுதான். அன்று வாசித்து முடியும்வரை யாரையும் வெடி போடவிடாமல் தடுத்தவன், பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கும் கூட்டாளி மொக்கைச்சாமி. அப்புறம் கிழவருக்குப் பல் விழுந்து, வாசிப்பும் நின்றது.

கம்பெனியின் புது ரிக்கார்டரில் கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று மொக்கைச்சாமி அந்த டேப்பை வாங்கிப்போனான். திரும்பி வந்ததைப் போட்டால் தோடி இல்லை; சரவெடி படபடத்தது.

“என்னலே செஞ்ச?”

“ரயில்ல வெடியக் கொண்டுபோக விட மாட்டாகல்ல? அதான் சத்தத்த டேப்புல புடிச்சு, வடக்கத்தி யாவாரிகளுக்குப் போட்டுக் காட்டுனேன். சீசன் ஆர்டர் அம்புட்டும் நமக்குத்தான்!”

“அதுக்கு என் தோடிதானா கெடச்சுச்சு?”

“அந்த டேப்புலதான் இரைச்சலே இல்லேன்னு நீதானலே சொன்ன?”