பரீட்சைக்கு வைத்த நோயாளி

"மூணாவது கேள்வியை முழுங்கிட்டியே தம்பி. குரல் உள்ளேருந்து வருதா, வெளியிலேருந்து வருதான்னு கேக்கணும். கேக்காம விட்டா மார்க் போச்சு."

டெய்லரக்கா சொன்னதும் கட்டிலைச் சுற்றி நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். கேள்வியை விட்டவன் காது சிவக்கக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டான்.

"சரிக்கா. உள்ளேருந்தா, வெளியிலேருந்தா?"

"இப்ப எங்கேருந்தும் வரல. நாலு மாசமா அந்த ரெண்டு பயலுகளும் வாயே திறக்கறதில்ல. வர்ற வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் போறேன். நீ வேற ஆளைப் பாரு."

மனநல மருத்துவமனையின் பெண்கள் வார்டில் அவளைத் தெரியாதவர் இல்லை. ஆறு வருடத்தில் மூன்று முறை வந்தவள். துணி தைப்பது தொழில். நோய் முற்றும்போது இரண்டு ஆண் குரல்கள் பக்கத்தில் நின்று அவள் செய்வதையெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கும். ஊசியை எடுக்கிறாள், நூலைக் கோக்கிறாள், இப்போது பயப்படுகிறாள். அதை அவளைப் போல் கோவையாகச் சொல்கிற நோயாளி வேறு யாரும் கிடையாது. அதனால் மனநல மருத்துவம் படிக்க வந்த ஒவ்வொரு கூட்டமும் அவள் கட்டிலில்தான் பாடம் படித்துவிட்டுப் போனது.

அவளுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். தம்பி வீட்டில் வளர்கிறாள். போன தடவை நோய் வந்தபோது, மகளைத் தம்பி யாருக்கோ கொடுக்கப் போகிறான் என்று குரல்கள் சொல்ல, டெய்லரக்கா குழந்தையோடு அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். இரண்டு நாள். கதவை உடைத்துத்தான் குழந்தையை வெளியே எடுத்தார்கள். தம்பி மனைவி அன்றே சொல்லிவிட்டாள்: "முழுசா சரியானா ஒரே ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. மறுபடி இப்படின்னா நானும் பிள்ளைங்களும் இந்த வீட்ல இருக்க மாட்டோம்."

அந்த ஒரு தடவைதான் வருகிற வெள்ளிக்கிழமை.

வார்டைப் பார்த்துக்கொள்வது இரண்டாம் வருடப் பயிற்சி மருத்துவர். வயதும் உருவமும் சிறியவை என்பதால் நோயாளிகளுக்கு அவள் சின்ன டாக்டர். அன்று மதியம் பேராசிரியர் அவளை நடைபாதையில் நிறுத்தினார்.

"அந்த டெய்லரம்மாவை வெள்ளிக்கிழமை அனுப்பறீங்களாமே?"

"ஆமா சார். நீங்கதான் போன வாரம் சரின்னீங்க."

"சரின்னேன். அப்ப பரீட்சைத் தேதி வரல. அடுத்த வாரம் போய் அதுக்கடுத்த வியாழக்கிழமை பரீட்சை. வெளியிலேருந்து ரெண்டு பேர் வர்றாங்க. அவங்களுக்குக் காட்ட நம்மகிட்ட நல்ல கேஸ் எத்தனை இருக்கு? ஒண்ணு பேசாது, ஒண்ணு அழுதுகிட்டே இருக்கும், இன்னொண்ணு வந்தவங்களையே கடிக்கும்."

"இவங்க இப்ப நல்லாருக்காங்க சார். காட்ட எதுவுமில்ல."

"அதத்தான் சொல்றேன். காலை மாத்திரையை நிறுத்துங்க. ராத்திரி ரெண்டை ஒண்ணாக்குங்க. நோய் லேசா வெளிய வரட்டும். பரீட்சை முடிஞ்ச அன்னிக்கே பழைய அளவு, மறுநாள் வீட்டுக்கு. ரெண்டு வாரத்துல என்ன குடி முழுகிடப் போகுது?"

"கேஸ் ஷீட்டுல என்னன்னு சார் எழுதறது?"

"எல்லாத்தையும் எழுதணுமா? நான் படிச்சப்பவும் இதான், எங்க வாத்தியார் படிச்சப்பவும் இதான். நோயைக் கண்ணால பாக்காம டாக்டராக முடியுமாம்மா?"

அடுத்த வருடம் அவளுக்கே பரீட்சை. அதில் பாஸ் போடும் கையெழுத்து இவருடையது. "சரி சார்" என்றாள்.

டெய்லரக்கா தையல் கூடத்தில் இருந்தாள். அங்கே கத்தரிக்கோல்களைச் சங்கிலி போட்டு மேசைக் காலோடு பிணைத்திருப்பார்கள். சங்கிலி எட்டும் தூரத்துக்குள் துணியை இழுத்து வைத்துத் தலையணை உறை வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஒரு உதவி."

"பட்டன் விட்டுப்போச்சா டாக்டரம்மா?"

"வீட்டுக்குப் போறதை ரெண்டு வாரம் தள்ளி வச்சுக்கலாமா? பரீட்சை வருது. நீங்க இருந்தா பசங்களுக்கு..."

"பெரிய டாக்டர் சொன்னாரா?"

"ஆமா."

கத்தரிக்கோல் நின்றது.

"நான் முடியாதுன்னா, போறதுக்குக் கையெழுத்துப் போடுவாரா?"

சின்ன டாக்டர் ஜன்னலைப் பார்த்தாள்.

"சரி விடுங்க. ஆறு வருஷம் பொறுத்தாச்சு, ரெண்டு வாரம் என்ன. தம்பிக்கு நீங்களே போன் பண்ணுங்க. நான் சொன்னா பழையபடி ஆயிடுச்சுன்னு நினைச்சுப்பான்."

"மாத்திரையும் கொஞ்சம் குறையும் அக்கா."

டெய்லரக்காவின் முகம் மலர்ந்தது. "குறையுதா? அப்ப அவ்வளவு நல்லாயிட்டேனா?"

இல்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சின்ன டாக்டர் "ம்" என்றாள்.

முதல் வாரம் ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் வார்டு சிஸ்டர் வந்து நின்றார். முப்பது வருடம் அங்கே வேலை பார்த்தவர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"டாக்டர், அந்தம்மா டீயை மோந்து பாத்துட்டுக் கீழ ஊத்துது. தைச்ச உறையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுப் பாக்குது. ஓரத்துல ஏதோ வச்சுத் தைச்சிருக்காங்களாம். மாத்திரையை ஏத்தி எழுதிக் கொடுங்க, இப்பவே கொடுத்துடறேன்."

சின்ன டாக்டர் பேராசிரியருக்குப் போன் செய்தாள். "அருமை" என்றார் அவர். "வியாழக்கிழமை வரைக்கும் கையை வைக்காதீங்க."

"என்ன சொன்னாரு?"

"பொறுக்கச் சொன்னாரு சிஸ்டர்."

"பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்னு எத்தனை நாள் இருப்பீங்க டாக்டர்?" என்றார் சிஸ்டர். பதிலுக்கு நிற்கவில்லை.

பரீட்சை அன்று டெய்லரக்காவிடம் மூன்றாவதாக வந்தவன் அன்று காது சிவந்த அந்த மாணவன். இந்த முறை அவன் எதையும் விடவில்லை.

"குரல் எங்கேருந்து வருது அக்கா?"

"அந்த ஜன்னல் பக்கத்துலேருந்து. ரெண்டு பேரு. பையன் பேனாவை எடுக்கறான்ங்கறான் ஒருத்தன். இவ கையை ஒளிச்சுக்கறாங்கறான் இன்னொருத்தன்." கைகளை உண்மையாகவே முதுகுக்குப் பின்னால் ஒளித்திருந்தாள்.

"வேற என்ன சொல்றாங்க?"

"எம் பொண்ணைப் பத்தி. அதை உன்கிட்ட சொல்ல மாட்டேன். நீயும் அவங்காளுதான்."

மணி அடித்தது. ஒரு நோயாளிக்கு ஏழு நிமிடம். வெளியூர் பரீட்சகர் தாளில் எழுதியபடியே, "புத்தகத்துல போட்ட மாதிரி இருக்கு" என்றார். பேராசிரியர் அடக்கமாகச் சிரித்தார். மாணவன் பாஸ்.

அன்று மாலையே பழைய அளவு மாத்திரை கொடுத்தார்கள். "நாளைக்கு அவங்க தம்பி வர்றாரு சார், வேணாம்னு சொல்லிடவா?" என்று சின்ன டாக்டர் கேட்டாள். "வரட்டும். தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு அவர் பரீட்சகர்களோடு காரில் ஏறினார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குத் தம்பி வந்தான். லாரி ஓட்டுகிறவன், இந்த ஒரு நாளுக்காக ஓட்டத்தை மாற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"அக்கா, கிளம்பலாமா?"

"எங்க அவ?"

"வீட்ல இருக்கா. நீ வருவேன்னு ஸ்கூலுக்குக்கூடப் போகல."

"பொய். யாருக்குக் கொடுத்தே அவளை?"

"அக்கா..."

"ஜன்னல்லேருந்து சொல்லிட்டாங்கடா! யாருக்குக் கொடுத்தே?" அவன் சட்டைக் காலரை இரண்டு கையாலும் பிடித்தாள். சிஸ்டரும் இரண்டு உதவியாளர்களும் விரல் விரலாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவன் கையை ஓங்கவில்லை, திமிறவும் இல்லை.

டாக்டர் அறையில் அவன் கிழிந்த காலரை மடக்கி விட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"போன மாசம் வந்தப்ப எனக்குச் சட்டைக்கு அளவெடுத்தா டாக்டர். தொப்பை போட்டிருச்சுடான்னு கேலி பண்ணினா. அதுக்குள்ள என்னாச்சு?"

சின்ன டாக்டர் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். உண்மையைச் சொன்னால் ஒரு மாதம் கழித்தாவது கூட்டிப் போவான் என்று நினைத்தாள்.

"மாத்திரையைக் குறைச்சோம். பரீட்சையில காட்டறதுக்காக நாங்கதான் குறைச்சோம். அவங்க தப்பு எதுவுமில்ல. இப்ப ஏத்திட்டோம், ஒரு மாசத்துல பழையபடி ஆயிடுவாங்க."

கத்துவான் என்று காத்திருந்தாள். அவன் விரல் விட்டு நாட்களை எண்ணினான்.

"அப்ப, மாத்திரை குறைஞ்சா ரெண்டே வாரத்துல இப்படி ஆயிடும்."

"ஆனா ஒழுங்கா கொடுத்தா..."

"யாரு கொடுக்கறது டாக்டர்? நான் வாரத்துல நாலு நாள் ரோட்ல. வீட்டுக்காரி வேலைக்குப் போறவ. இங்க பூட்டுப் போட்டு, நர்ஸ் நின்னு வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்துக் கொடுக்கறீங்க. இங்கயே குறையுதுன்னா, எங்க வீட்ல யாரு பாப்பா?"

"இது எங்க தப்புன்னு நான் எழுதியே கொடுக்கறேன்."

"அதை எம் பொண்டாட்டிகிட்ட காட்டவா?" அவன் குரலில் கோபமே இல்லை. "நீங்க சொன்னது நல்லதாப் போச்சு. இல்லேன்னா முழுசா சரியாயிடுச்சுன்னு நம்பில்ல கூட்டிட்டுப் போயிருப்பேன்."

எழுந்து நின்றான். "இங்கயே வச்சுக்கறதுக்குக் கையெழுத்துப் போடற ஃபாரம் ஒண்ணு இருக்காமே. பின்பக்கத்து வார்டுக்கு. அதைக் கொடுங்க."

பின்பக்கத்து வார்டிலிருந்து யாரும் வீட்டுக்குப் போனதில்லை. சின்ன டாக்டர் ஒரு மாதம் பொறுக்கச் சொன்னாள். இரண்டு மாதம் கழித்து யோசிக்கச் சொன்னாள். அவன் தலையை மட்டும் ஆட்டினான். சிஸ்டர் ஃபாரத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது அவன் போன் அடித்தது. திரையைப் பார்த்துவிட்டு அதைச் சின்ன டாக்டரிடம் நீட்டினான்.

"அவ பொண்ணு. என்னால முடியாது, நீங்களே சொல்லுங்க."

"மாமா, கிளம்பியாச்சா?"

"மாமா இல்லம்மா. டாக்டர் பேசறேன்."

"டாக்டரா? அம்மாவுக்குப் பரீட்சை இருக்கு, அதான் ரெண்டு வாரம் லேட்டாகும்னு மாமா சொன்னாரு. முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சு."

"நல்லா பண்ணாங்களா?"

"...நல்லா பண்ணாங்க."

"அப்ப விட்டுருவீங்கல்ல?"

  தம்பி கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டான்.

"வச்சிடு பாப்பா. மாமா வந்து சொல்றேன்."

அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு பேனாவை எடுத்தான்.

"எந்த எடத்துல டாக்டர்?"

அவள் விரலை வைத்துக் காட்டினாள். "இங்க. பின்பக்கமும் ஒண்ணு."